ஒரே மாணவிக்காக ஓடிய ரயில்: ஃபார்வேர்டில் வராத மீதிக் கதை

"ஜப்பானில் ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக ஒரு ரயில்வே ஸ்டேஷனையே திறந்து வைத்திருந்தார்கள். அவள் படிப்பு முடிந்த அன்றைக்குத்தான் மூடினார்கள்."

இந்தக் கதை உங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு தடவையாவது வந்திருக்கும். கீழேயே யாராவது "இதுதான்யா அரசாங்கம்!" என்று போட்டிருப்பார்கள். கதை பொய்யா? முழுக்கப் பொய் இல்லை. அப்போ உண்மையா? அதுவும் முழுக்க இல்லை.

முதலில் இடத்தைப் பார்ப்போம். ஜப்பானின் வடகோடித் தீவு ஹொக்கைடோ. அங்கே செகிஹோகு என்ற 234 கிலோமீட்டர் ரயில் பாதையில் ஷிரடாகி என்று ஓர் ஊர். அதைச் சுற்றி மேல் ஷிரடாகி, பழைய ஷிரடாகி, கீழ் ஷிரடாகி என்று குட்டி குட்டி ஸ்டேஷன்கள். ஜப்பானிய மொழியில் காமி, க்யூ, ஷிமோ. ஜனவரி 2016இல் சீனாவின் சிசிடிவி ஃபேஸ்புக்கில் போட்ட பதிவுதான் கதையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதில் சொன்ன ஸ்டேஷன் காமி ஷிரடாகி. ஆனால் அந்த மாணவி ரயில் ஏறியது க்யூ ஷிரடாகியில்! ஒரு நாளைக்குப் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டே ரயில் நின்றது காமியில். இரண்டு ஸ்டேஷனையும் கலந்து ஒரே கதையாக ஆக்கிவிட்டார்கள்.

க்யூ ஷிரடாகி 1947இல் தொடங்கியது. ஒரு பிளாட்பாரம், ஒரு சின்ன மரக் கொட்டகை, அவ்வளவுதான். ஸ்டேஷன் மாஸ்டர், டிக்கெட் கவுண்டர் எதுவும் கிடையாது. காலையில் பள்ளிக்கூடம் இருக்கும் எங்காரு பக்கம் ஒரு ரயில், மதியத்துக்கு மேல் திரும்பி வர மூன்று ரயில். டைம்டேபிளைப் பார்த்தாலே தெரியும், இது பள்ளிக்கூட நேரத்துக்குப் பொருந்தும் ரயில். அந்த அளவுக்குக் கதை உண்மை. ஆனால் அதே ரயிலில் மற்ற ஸ்டேஷன்களிலிருந்தும் மாணவர்கள் போய் வந்தார்கள். ரயில் அவளுக்காக மட்டும் ஓடவில்லை.

சரி, அவள் படிப்பு முடியும்போதே ஸ்டேஷனும் மூடியது எப்படி? ஜப்பானில் ரயில்வே டைம்டேபிள் பெரும்பாலும் மார்ச்சில்தான் மாறும். கல்வியாண்டு முடிவதும் மார்ச்சில்தான். 2016 மார்ச் 26 அன்று க்யூ மட்டுமல்ல, காமி, ஷிமோ இரண்டும் சேர்ந்தே பயணிகள் பட்டியலிலிருந்து போயின. காரணம் ஒன்றுதான்: ஏற ஆள் இல்லை.

இங்கேதான் நிஜமான பிரச்சினை. அந்த ரயிலை ஓட்டுவது ஜேஆர் ஹொக்கைடோ என்ற நிறுவனம். 1987இல் ஜப்பான் தேசிய ரயில்வேயைப் பிரித்தபோது உருவானது. பனி அதிகம், மக்கள் குறைவு, நஷ்டம் நிச்சயம் என்று அன்றைக்கே தெரியும். அதனால் 68,220 கோடி யென் நிதியைக் கொடுத்து, "இதன் வட்டியை வைத்து நஷ்டத்தைச் சமாளியுங்கள்" என்றார்கள். வட்டி 7 சதவீதத்துக்கு மேல் வரும் என்பது கணக்கு. பிறகு ஜப்பானில் வட்டி விகிதம் தரைமட்டத்துக்குப் போனது. கணக்கும் கவிழ்ந்தது. நம்ம டிசைன் பாஷையில் சொன்னால், ஒரே ஒரு அஸம்ப்ஷன்மேல் நின்ற சிஸ்டம். க்யூ ஷிரடாகி மூடிய அதே 2016 நவம்பரில், தன் பாதைகளில் சுமார் 1,237 கிலோமீட்டரைத் தனியாகப் பராமரிக்க முடியாது என்று அந்த நிறுவனமே அறிவித்தது. அதன் மொத்த நீளத்தில் அது கிட்டத்தட்டப் பாதி!

அப்போ எல்லாத்தையும் மூடிடணுமா? அதே ஹொக்கைடோவில் கொபோரோ என்று இன்னொரு ஸ்டேஷன் இருக்கு. இரண்டு சுரங்கப்பாதைகளுக்கு நடுவே சுமார் 80 மீட்டர் இடைவெளியில் ஒரு ஸ்டேஷன். வண்டி போகிற ரோடே கிடையாது. பக்கத்தில் வீடும் கிடையாது. 1943இல், ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் ரயில்கள் ஒதுங்கிப் போக அமைத்த சிக்னல் நிலையம் அது. 2015இல் இதையும் மூடப்போவதாகச் சொன்னபோது, டொயோரா ஊர் நிர்வாகம் "பராமரிப்புச் செலவை நாங்க தர்றோம்" என்று முன்வந்தது. அந்த விநோதத்தைப் பார்க்கவே ரயில் ரசிகர்கள் வருகிறார்கள், ஊருக்கும் பெயர் கிடைக்கிறது என்பதுதான் காரணம்.

யோசிச்சுப் பாருங்க. ஒரு மாணவி தினமும் ஏறிய ஸ்டேஷன் மூடிவிட்டது. யாருமே குடியிருக்காத இடத்தில் இருக்கும் ஸ்டேஷன் பிழைத்துக்கொண்டது. ஒன்றுக்குப் பணம் கொடுக்க ஆள் இருந்தது, இன்னொன்றுக்கு இல்லை. ஒரு பயணிக்கு எவ்வளவு செலவு என்பதைக் கால்குலேட்டர் சொல்லிவிடும். அந்தச் செலவை யார் ஏற்பது என்பதை மனிதர்கள்தான் உட்கார்ந்து பேசி முடிவு செய்யணும். நாளைக்கு நீங்க ஒரு பஸ் ரூட்டோ, பாலமோ, தண்ணீர்க் குழாயோ டிசைன் பண்ணும்போது இந்தக் கேள்வி உங்க மேஜைக்கும் வரும்.

அதுவரைக்கும், அந்த ஃபார்வேர்ட் மறுபடி வந்தால் குரூப்பில் இந்த மீதிக் கதையையும் போட்டுவிடுங்க.