ஒரு பிளக், நான்கு சாமான்: குசினியில் எதன் பக்கத்தில் எது?

மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் வன்னியில் கட்டப்பட்ட வீட்டுத்திட்ட வீடுகளில் பல ஏறக்குறைய 550 சதுர அடிதான். அதில் குசினிக்குக் கிடைத்தது ஒரு மூலை. விறகடுப்பும் நான்கு சட்டி பானையும் வைக்க அது போதும். இன்று அதே மூலையில் காஸ் அடுப்பு, சிலிண்டர், பிரிட்ஜ், ரைஸ் குக்கர், கேத்தல் எல்லாம் நெருக்கியடித்து நிற்கின்றன. "தள்ளித் தள்ளி வையுங்கள்" என்று சொல்வது இலகு. தள்ள இடம் எங்கே?

இடமில்லாத வீட்டில் முதலில் பிரிக்க வேண்டியது சிலிண்டரையும் பிரிட்ஜையும். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, நிலத்தோடு பரவித் தேங்கும். பிரிட்ஜின் கொம்பிரசர் இருப்பதும் அடியில்தான். அது தானாக நிற்கும், தானாக இயங்கும். அப்படி மாறும்போது அதன் மின் பாகங்களில் சிறு தீப்பொறி எழலாம். யாரும் சுவிட்சைத் தொடாமலே நடுச்சாமத்தில் தீப்பற்ற அது போதும். 2021 இறுதியில் நாட்டின் பல இடங்களில் நடந்த காஸ் வெடிப்புகளுக்குப் பிறகு ரெகுலேட்டரையும் குழாயையும் சோதிக்கப் பலர் பழகிவிட்டார்கள். சிலிண்டருக்குப் பக்கத்தில் என்ன நிற்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

கிளிநொச்சியில் நான் போன ஒரு வீட்டில் இரண்டுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. அந்த அக்கா ஐஸ்பக்கற் விற்றுத்தான் பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். பிரிட்ஜ் தவணைக்கு எடுத்தது. "பிளக் இந்தச் சுவரில மட்டும்தான் தம்பி, நான் என்ன செய்யிறது?" என்றார். நியாயமான கேள்வி. பிரிட்ஜை அசைக்க முடியாவிட்டால் அடுப்பையும் சிலிண்டரையும் சேர்த்துப் பின்கதவுப் பக்கம் மாற்றலாம். அதற்குக் கறன்ட் தேவையில்லை. சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், குழாய் அடுப்பின் சூட்டில் படக்கூடாது. குழாய் எட்டவில்லை என்று ஒட்டுப்போட்டு நீட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இதில் இன்னொரு இலாபமும் உண்டு. அடுப்புச் சூடு பட்டால் பிரிட்ஜ் கூடுதல் நேரம் ஓடும். பில் ஏறும், ஐஸ் கட்டியாகவும் நேரமெடுக்கும். பின்பக்கமும் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளியாவது வேண்டும்.

அடுத்தது மல்ரி பிளக். நமது மின்சாரம் 230 வோல்ற். 5 அம்பியர் பிளக்கால் எடுக்கக்கூடியது சுமார் 1150 வாற்தான். 2000 வாற் கேத்தல் ஒன்றே 9 அம்பியருக்குக் கிட்ட இழுக்கும். அதோடு 700 வாற் ரைஸ் குக்கரையும் ஒரே வயரில் கொழுவினால் 12 அம்பியரைத் தொடும். ட்ரிப் சுவிட்ச் காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். அது கறன்ட் கசிந்தால் விழுவது. வயர் சூடாகி உருகுவதை அது கவனிக்காது. சூடாக்கும் சாமான்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள். பிரிட்ஜுக்குத் தனிப் பிளக் விடுங்கள். ரைஸ் குக்கரின் ஆவி பிளக்கில் படாமல் திருப்பி வையுங்கள்.

காஸ் மணம் வந்தால் பிரிட்ஜை நிற்பாட்ட ஓடாதீர்கள். சுவிட்சைப் போடுவதும் ஆபத்து, நிற்பாட்டுவதும் ஆபத்து. சிலிண்டரை மூடிவிட்டு, யன்னலை மட்டுமல்ல, கதவையும் அகலத் திறவுங்கள். காஸ் நிலத்தோடு கிடப்பதால் வாசற்படி வழியாகத்தான் வெளியேறும். பிள்ளைகளோடு முற்றத்துக்குப் போய், மணம் முற்றாகப் போகும்வரை அங்கேயே நில்லுங்கள்.