தைப்பிங்கில் துயிலும் விமானி

தில்லிக் கன்டோன்மென்டில் பிரார் சதுக்கத்தை அடுத்துள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். உள்ளே சென்றவர் சிலரே. அண்மையில் ஒரு ஞாயிறன்று காலை நாம் அங்குச் சென்றிருந்தோம்.

1951-ஆம் ஆண்டில் அமைந்த இத்தோட்டத்தில், இரண்டாம் உலக மகாயுத்தத்தில் உயிர் நீத்த ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நினைவுகூரப்படுகின்றனர். அலகாபாத், கான்பூர், டேராடூன், லக்னோ முதலிய நகரங்களில் முன்னர் அடக்கம் செய்யப்பட்டவர்களும் பின்னர் இங்கே கொணரப்பட்டனர். ஆனால் கடல் கடந்து சொந்த ஊருக்குக் கொண்டு செல்வது என்பது மட்டும் இல்லை. மாண்ட நாட்டிலேயே அடக்கம் என்பது அன்றைய பிரிட்டிஷ் விதி. தளபதியாயினும் சாதாரணச் சிப்பாயாயினும் ஒரே மாதிரியான கல்தான். கல்லின் அடியில் குடும்பத்தார் விரும்பும் வாசகத்தைப் பொறிக்கலாம். அதுவும் ஒரு சில எழுத்துக்களுக்குள் அடங்க வேண்டும்! மகனை இழந்த தாய் எதை எழுதி எதை விட்டிருப்பாளோ?

விமானப்படையின் கழுகுச் சின்னம் பொறித்த கற்களின் முன் நின்றபோது, நம்மவர் பெருவாரியாக வாழும் மலாயாவில் இதே முறையில் அடக்கமான ஆர்தர் ஸ்கார்ஃப் நம் நினைவுக்கு வந்தார்.

லண்டன் நகரின் விம்பிள்டனில் பிறந்த அவருக்கு அப்போது வயது 28. 1941 டிசம்பர் 9 அன்று, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் தளத்திலிருந்து பிளெனிம் ரகக் குண்டுவீச்சு விமானங்கள் தாய்லாந்தின் சிங்கோராவைத் தாக்கப் புறப்பட்டன. ஸ்கார்ஃபின் விமானம் மேலெழும்பிய அத்தறுவாயில் ஜப்பானியர் தளத்தின்மீது குண்டு பொழிந்தனர். எஞ்சிய விமானங்கள் தரையிலேயே முடங்கின. அவர் திரும்பியிருக்கலாம், எவரும் குறை கூறியிரார். ஆயினும் தனியொரு விமானமாகச் சென்று தாக்கினார். பகை விமானங்களின் குண்டுகள் அவருடைய கையையும் முதுகையும் துளைத்தன. உடனிருந்த இருவரும் அவரைச் சாயாமல் தாங்கிப் பிடித்துக்கொள்ள, அலோர்ஸ்டார் வரை ஓட்டி வந்து இறக்கினார். அவ்விருவருக்கும் காயமில்லை.

அவ்வூர் மருத்துவமனையில் தாதியாக இருந்தவர் அவருடைய மனைவியே. இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் பிரிந்தது. வீட்டாருக்குத் தந்தி மட்டுமே கிட்டிய அந்நாளில், இவருக்கேனும் அருகிருக்கும் பேறு வாய்த்தது. அதனைப் பேறு என்பதா, வேறென்ன சொல்வது என்பது நமக்கு விளங்கவில்லை. விரைவிலேயே மலாயா முழுவதும் ஜப்பானியர் வசமாயிற்று. தோல்வியின் குழப்பத்தில் இச்செயல் வெளிவரத் தாமதமாகி, 1946-இல்தான் விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது. இன்று அவர் துயில்வது தைப்பிங் போர்க் கல்லறைத் தோட்டத்தில்.

பினாங்கிலும் ஈப்போவிலும் உறவினர் உள்ள குடும்பங்கள் தில்லியில் பல. இவ்விரு ஊர்களுக்கும் இடைவழியில் உள்ளது தைப்பிங். செல்வோர் சற்றே இறங்கிப் பார்க்கலாம்.

புறப்படும்போது இங்குள்ள வருகைப் பதிவேட்டில் நம் பெயரைத் தமிழிலேயே எழுதிவிட்டு வந்தோம்.