கோட்டை முதல் அரண்மனைக்காரன் தெரு வரை: சென்னை வரலாற்றுச் சின்னங்களுக்கு இடைப்பட்ட நடைவழி

ஆய்வுச் சுருக்கம்

சென்னையின் தொன்மையான கட்டடங்கள் பலவும் புனித ஜார்ஜ் கோட்டைக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இடையே, நடந்து செல்லும் தொலைவுக்குள் அமைந்துள்ளன. இவற்றைத் தனித்தனிச் சின்னங்களாகப் பட்டியலிடுவதே பொது வழக்கு. ஆயினும் ஒரு சின்னத்திலிருந்து அடுத்த சின்னத்திற்குச் செல்லும் இடைவெளியிலும் வரலாற்றுச் சான்றுகள் உள்ளன. கோட்டையிலிருந்து அரண்மனைக்காரன் தெரு வரையிலான ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நடைவழியை எடுத்துக்கொண்டு, அவ்விடைவெளி உருவான வரலாற்றையும் தெருப்பெயர்கள் தரும் செய்திகளையும் நடப்போருக்கு உள்ள இன்றைய தடைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சென்னை, புனித ஜார்ஜ் கோட்டை, கறுப்பர் நகரம், தெருப்பெயர்கள், நடைவழி, மரபுச் சின்னங்கள்.

முன்னுரை

நகரை நடந்து கண்டு உரைப்பது தமிழ் இலக்கியத்திற்குப் புதியதன்று. மதுரைக்காஞ்சி நகரின் தெருக்களையும் அங்காடிகளையும் பொழுது மாறுவதற்கு ஏற்பக் காட்டுகிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரைத் தெருக்களைக் கண்டு திரும்புகிறான். சென்னையைப் பொறுத்தவரை, எச். டி. லவ் 1913-இல் வெளியிட்ட ஆவணத் தொகுதிகள் ஆய்வுக்கு அடிப்படையாக அமைந்தன. எஸ். முத்தையாவின் எழுத்துகள் அவ்வரலாற்றைப் பொதுவாசகரிடம் கொண்டு சேர்த்தன. 2004 முதல் ஆகஸ்டு 22-ஆம் நாளையொட்டி நடைபெறும் ‘மெட்ராஸ் நாள்’ நிகழ்வுகளில் மரபு நடைகள் முக்கிய இடம் பெறுகின்றன. ஒரு நகரை நடந்து காணும்போது, கட்டடத்தை மட்டும் கண்டு திரும்புவோர்க்குப் புலப்படாதது எது என்பதே இங்கு எழும் வினா.

கோட்டை: தொடக்கப் புள்ளி

கிழக்கிந்தியக் கும்பினியார் 1639-இல் இடம் பெற்று, 1640-இல் எழுப்பத் தொடங்கியது புனித ஜார்ஜ் கோட்டை. இன்று தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இதனுள் இயங்குகின்றன. கோட்டைக்குள் உள்ள புனித மேரி தேவாலயம் 1680-இல் அர்ப்பணிக்கப்பட்டது. பீரங்கிக் குண்டுகளைத் தாங்கும் பொருட்டு இதன் கூரை தடித்த வளைவாகக் கட்டப்பட்டுள்ளது. எலிகு யேலின் திருமணம் 1680-இலும் இராபர்ட் கிளைவின் திருமணம் 1753-இலும் இங்கு நடைபெற்றன.

இத்தேவாலய முற்றத்தில் நடப்போர், தரையில் பாவப்பட்டுள்ள கல்லறைக் கற்களின்மீது நடக்க நேரிடும். அவற்றின் கீழே அடக்கம் செய்யப்பட்டோர் எவரும் இல்லை. கற்கள் வேறிடத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை. அவை இருந்த இடம் எது என்பதை அறிய, கோட்டையைவிட்டு வடக்கே நடத்தல் வேண்டும்.

வெளியாக்கப்பட்ட நகரம்

கோட்டைக்கு வடக்கே இன்று உயர் நீதிமன்ற வளாகமும் பழைய சட்டக் கல்லூரி வளாகமும் பரந்துள்ளன. இப்பரப்பில் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நெசவாளர், வணிகர், துபாஷிகள் முதலியோர் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம் இருந்தது. 1746-இல் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர், கோட்டைச் சுவரை ஒட்டியிருந்த வீடுகளை இடித்தனர். 1749-இல் நகரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயரும் அப்பணியைத் தொடர்ந்தனர். பகைவர் மறைந்து நின்று தாக்குவதற்கு இடந்தராத வெட்டவெளி கோட்டைக்குத் தேவைப்பட்டதே இதற்குக் காரணம். 1758-59-இல் லாலியின் படை நடத்திய முற்றுகை இத்தேவையை மேலும் வலியுறுத்தியது.

இவ்வெளியாக்கத்தின் விளைவுகள் இரு திசைகளில் சென்றன. நகரின் பெருங்கோயிலாகிய சென்னகேசவப் பெருமாள் கோயில் 1757-இல் இடிக்கப்பட்டது. பின்னர் மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று முயல, கும்பினியின் உதவியோடு இன்றைய பூக்கடைப் பகுதியில் சென்னகேசவப் பெருமாளுக்கும் சென்னமல்லீசுவரருக்கும் இரட்டைக் கோயில்கள் எழுந்தன. கோயில் வடக்கே சென்றது. ஆங்கிலேயர் இடுகாட்டின் கற்கள் தெற்கே சென்றன. முற்றுகையின்போது பகைவர்க்குக் காப்பரணாகப் பயன்பட்டமையால், கல்லறைக் கற்கள் பெயர்க்கப்பட்டுப் புனித மேரி தேவாலய முற்றத்திற்குக் கொண்டு செல்லப்பட்டன.

இடுகாட்டின் எச்சமாகப் பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் ஒரு நினைவுக்கூம்பு நிற்கிறது. அது ஜோசப் ஹின்மர்ஸ் என்பவருக்கும் எலிகு யேலின் இளம் மகன் டேவிட்டுக்கும் உரியது. ஹின்மர்ஸின் மனைவியாக இருந்து கைம்பெண்ணான கேதரினையே யேல் 1680-இல் மணந்தார். கோட்டைத் தேவாலயத்தின் திருமணப் பதிவையும் இந்நினைவுக்கூம்பையும் இணைத்துக் காண்போர்க்கே ஒரு குடும்பத்தின் கதை முழுமையாகக் கிடைக்கிறது.

வெட்டவெளியின் எல்லையைக் காட்ட 1773-இல் எல்லைத் தூண்கள் நடப்பட்டன. அவற்றுள் எஞ்சிய ஒன்று பாரிமுனையில் ‘டேர் ஹவுஸ்’ கட்டட வளாகத்தில் உள்ளது. நாள்தோறும் பல்லாயிரவர் கடந்து செல்லும் அம்முனையில், ஒரு நகரம் அழிக்கப்பட்டதன் கண்கூடான சான்று அச்சிறு தூண் ஒன்றே.

ஒளி நகர்ந்த வழி

இந்நடைவழியில் கலங்கரை விளக்கங்களின் வரலாற்றையும் வரிசையாகக் காணலாம். முதல் விளக்கு 1796-இல், இன்று கோட்டை அருங்காட்சியகமாக உள்ள கட்டடத்தின் மேல் ஏற்றப்பட்டது. இரண்டாவது, உயர் நீதிமன்ற வளாகத்தில் டோரிக் பாணியில் எழுந்த கல்தூண். 1844-இல் ஒளிரத் தொடங்கியது. 1892-இல் இந்தோ-சரசனிக் பாணியில் உயர் நீதிமன்றக் கட்டடம் திறக்கப்பட்டபின், அதன் மாடத்தின் உச்சிக்கு 1894-இல் விளக்கு இடம்பெயர்ந்தது. 1977-இல் மெரினாவில் புதிய கலங்கரை விளக்கம் இயங்கத் தொடங்கும் வரை, நீதிமன்றமே கப்பல்களுக்கு வழிகாட்டியது.

1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு செருமானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. உயர் நீதிமன்ற மதிலில் பதிக்கப்பட்ட கல்வெட்டு அதனை நினைவூட்டுகிறது. அக்கப்பலின் பெயர், சாமர்த்தியமும் மிடுக்கும் உடையவரைக் குறிக்கும் சொல்லாகத் தமிழ்ப் பேச்சு வழக்கில் நிலைபெற்றது. கல்வெட்டைக் காணாதோர் நாவிலும் அவ்வரலாறு வாழ்கிறது.

பெயர்கள் காட்டும் வரலாறு

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையைக் கடந்ததும் ஜார்ஜ் டவுன் தொடங்குகிறது. பழைய நகரின் மக்கள் குடியேறிய முத்தியாலுப்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் அடங்கிய பகுதி இது. இங்குள்ள தெருப்பெயர்களை மூவகையாகப் பகுக்கலாம்.

1. ஆட்பெயர் அடியாகப் பிறந்தவை: தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு.
2. தொழில் அடியாகப் பிறந்தவை: பவழக்காரத் தெரு, தங்கசாலைத் தெரு.
3. ஒலிமாற்றத்தால் பிறந்தவை: அரண்மனைக்காரன் தெரு.

மூன்றாம் வகை மொழியாய்வுக்கு உரியது. இத்தெருவில் அரண்மனை எதுவும் இருந்ததில்லை. ஆர்மீனிய வணிகர் வாழ்ந்தமையால் ‘ஆர்மீனியக்காரன் தெரு’ என வழங்கிய பெயரே, அறியாத சொல்லை அறிந்த சொல்லாகத் திரித்துக்கொள்ளும் மக்கள் வழக்கிற்கு ஏற்ப ‘அரண்மனைக்காரன்’ ஆயிற்று. இத்தெருவில் உள்ள ஆர்மீனியத் தேவாலயம் முதலில் 1712-இல் எழுப்பப்பட்டது. இன்றைய கட்டடம் 1772-ஐச் சார்ந்தது. உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794-இல் சென்னையில்தான் வெளிவந்தது. அதன் ஆசிரியர் ஹரூத்யூன் ஷ்மவோனியன் இத்தேவாலய வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளார். சமூகம் மறைந்தபின்னும், திரிந்த வடிவிலேனும் அதன் பெயரைத் தெரு காத்துவருகிறது.

நடப்போரும் தடைகளும்

உயர் நீதிமன்ற வளாகத்தின் வாயில்கள் அனைத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை ஒருநாள் முழுதும் அடைத்துவைக்கும் வழக்கம் உண்டு. அவ்வளாகத்தை மக்கள் குறுக்குவழியாகப் பயன்படுத்தி வந்தமையால், நெடுநாள் பயன்பாட்டின் அடிப்படையில் வழியுரிமை கோர இயலாது என்பதை நிலைநாட்டுவதற்காக இவ்வழக்கம் ஏற்பட்டது. ஒரு காலத்தில் நகர மாந்தர் இவ்வழியே எத்துணை இயல்பாக நடந்தனர் என்பதற்கு இவ்வழக்கமே சான்றாகிறது.

இன்று நிலை வேறு. கோட்டையிலும் நீதிமன்றத்திலும் பாதுகாப்புச் சோதனைகள் உள்ளன. இராஜாஜி சாலையின் விரைந்த போக்குவரத்தும் பாரிமுனையின் நெரிசலும் சாலை கடத்தலைக் கடினமாக்குகின்றன. ஜார்ஜ் டவுன் தெருக்களில் சரக்கு வண்டிகளும் கடைப் பொருள்களும் நடைபாதையை நிரப்புகின்றன. சரக்கு ஏற்றி இறக்குவோர்க்கும் நடைபாதை வணிகர்க்கும் அத்தெருவே வாழ்வாதாரம் ஆதலின், அவர்களை அகற்றுவது தீர்வாகாது. சரக்கு வண்டிகளுக்கு நேர வரையறை, பாதுகாப்பான சாலைக் கடப்பிடங்கள், எல்லைத் தூண் போன்ற சிறு சின்னங்களுக்கு விளக்கப் பலகைகள் ஆகியனவே பொருந்தும். நடப்போர்க்கு முன்னுரிமை தரும் மோட்டாரற்ற போக்குவரத்துக் கொள்கையை மாநகராட்சி 2014-இல் ஏற்றுள்ளது. 2019-இல் உயர் நீதிமன்றம், மண்ணடி மெட்ரோ நிலையங்கள் திறக்கப்பட்டமையால் இப்பகுதியை அடைதல் எளிதாயிற்று. அடைந்தபின் நடத்தலே இன்னும் எளிதாகவில்லை. வணிகம் ஓய்ந்திருக்கும் ஞாயிறு காலை இந்நடைக்கு ஏற்ற பொழுது.

முடிவுரை

கோட்டை, நீதிமன்றம், தேவாலயம் ஆகியவற்றைத் தனித்தனியே காண்போர் அவற்றை எழுப்பியோரின் வரலாற்றை அறிகின்றனர். இவற்றுக்கு இடையே நடப்போர், அவற்றுக்காக இடம்பெயர்ந்தோரின் வரலாற்றையும் அறிகின்றனர். தேவாலய முற்றத்துக் கற்களும் பூக்கடைக் கோயில்களும் ஒரே நிகழ்வின் இரு முனைகள். அத்தொடர்பை எந்த ஒரு சின்னமும் தனித்து நின்று உணர்த்துவதில்லை. எனவே மரபுப் பாதுகாப்பு என்பது கட்டடங்களோடு நின்றுவிடாமல், அவற்றை இணைக்கும் நடைவழிகளையும் உள்ளடக்குதல் வேண்டும். வழி அடைபடுமாயின், கட்டடங்கள் நின்றாலும் அவற்றுக்கு இடைப்பட்ட வரலாறு மறையும்.