இரு உடையலமாரிகள்

ஊரிலிருந்து சாவுச் செய்தி வருங்கால், "பாட்டி எங்கே போனாள்?" என்று நம் பிள்ளைகள் வினவுவதுண்டு. அவர்கள் விரும்பிப் படிக்கும் ஆங்கில மாயக்கதைகள் இரண்டு இவ்வினாவுக்கு எதிரெதிரான விடை பகர்கின்றன.

இரண்டிலும் தொடக்கத்திலேயே ஒரு சிறுமி உடையலமாரிக்குள் நுழைகிறாள். 1950-இல் வெளிவந்த முதல் நார்னியாக் கதையில் அவள் லூசி. 1995-இல் வெளிவந்த 'நார்தர்ன் லைட்ஸ்' நூலில் லைரா. முன்னதன் ஆசிரியர் சி. எஸ். லூயிஸ், நாத்திகராயிருந்து 1931-இல் கிறிஸ்துவை ஏற்றவர். பின்னதை எழுதிய பிலிப் புல்மனோ பாதிரியாரின் பேரர், கடவுளை மறுப்பவர்.

1956-இல் வந்த இறுதி நார்னியா நூலில், இரயில் விபத்தில் மாண்ட பிள்ளைகள் சிங்க வடிவான இறைவனின் நாட்டை அடைகின்றனர். சூசன் மட்டும் அவர்களோடு இல்லை. நார்னியாவை மறந்து உதட்டுச் சாயத்திலும் விருந்துகளிலும் மனம் வைத்தவளாம்! இதனைப் புல்மன் 1998-இல் கடுமையாகச் சாடினார். அவரது மூன்றாம் நூலில் (2000), லைராவால் விடுதலை பெற்ற ஆவிகள் காற்றோடும் பனித்துளியோடும் மகிழ்ந்து கலக்கின்றன. ஆனால் அதற்குமுன், தாம் வாழ்ந்த வாழ்வை மெய்யாக எடுத்துரைத்தாக வேண்டும். நாத்திகர் படைத்த மறுமையிலும் கணக்குக் கேட்பார் உளர்!

இரு நூல்களையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்பதே நம் கருத்து. சூசனைப் பற்றிய பக்கம் வரும்போது மட்டும் அருகில் அமர்ந்துகொள்வோம்.