கழல மறுக்கும் சக்கரம்

ஊர்தோறும் சென்று பணிபுரியும் களப்பணியாளர்களுக்கு மோட்டார் வண்டி வெறும் வசதியன்று; அது ஒரு பணிக்கருவி. தடுப்பூசிப் பெட்டியும் விதை மூட்டையும் உரிய காலத்தில் ஊர் போய்ச் சேர்வது அதன் சக்கரங்களைப் பொறுத்தது. வழியில் டயர் பஞ்சராகுமாயின், உடன் கொண்டுசெல்லும் மாற்றுச் சக்கரத்தைப் பொருத்துகிறோம். இதனை நம் நாட்டில் ‘ஸ்டெப்னி’ என வழங்குவர். 1904-ஆம் ஆண்டில், பிரிட்டனின் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த லனெல்லி நகரில், ஸ்டெப்னி வீதியில் இத்தகைய சக்கரம் உருவாக்கப்பட்டமையால் அப்பெயர் நிலைத்தது. ஆனால் நட்டுகளைக் கழற்றிய பின்னரும் பழைய சக்கரம் வர மறுக்குமானால், ஸ்டெப்னி இருந்தும் பயனில்லை.

இந்நிலை பலருக்கும் நேர்வதே. அப்போது, ஜாக்கியின்மேல் நிற்கும் வண்டியின் சக்கரத்தை ஆத்திரத்தில் இழுப்பதும் உதைப்பதும் உயிருக்கே கேடாக முடியலாம். சக்கரத்தைப் பிடித்திருப்பது யாது என அறிந்துகொண்டால், அதனை விடுவிக்க வலிமையைவிட முறையே தேவை என்பது விளங்கும்.

பிடித்திருப்பது யாது?

மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரங்கள் வந்து சேரும் நடுப்பகுதியைக் குடம் என்கிறோம். மோட்டார் வண்டியில் குடம் தனி உறுப்பாகும்; பட்டறைகளில் அதனை ‘ஹப்’ என்பர். பெரும்பாலான வண்டிகளில் குடத்தின் நடுவே வட்டமான மேடு ஒன்று உண்டு. சக்கரத்தின் நடுத்துளை அதன்மேல் நெருக்கமாகப் பொருந்தும். இரண்டிற்கும் இடையேயுள்ள வெளி ஒரு மில்லிமீட்டரிலும் மிகக் குறைவு.

அக்குறுகிய இடுக்கில் மழைநீரும் சேறும் புகுந்தால் எளிதில் உலர்வதில்லை. இரும்பு, நீரோடும் பிராணவாயுவோடும் சேர்ந்து துருவாக மாறுகிறது. துருவானது, தான் தோன்றுவதற்குக் காரணமான இரும்பைப்போல் இரண்டு மடங்கிற்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். விரிய இடமில்லாத அவ்விடுக்கில் அது ஆப்பைப்போல் இறுகிவிடுகிறது.

அலுமினியக் கலவைச் சக்கரமாயின் நிகழ்வது சற்று வேறு. இரு வேறு உலோகங்கள் உப்பு நீரில் ஒன்றையொன்று தொடும்போது அங்கு ஒரு சிறு மின்கலம் உண்டாகிறது. 1800-ஆம் ஆண்டில் வோல்ட்டா செய்துகாட்டிய மின்னடுக்கின் தத்துவமும் இதுவே. இங்கு அலுமினியமே அரிக்கப்பட்டு, வெண்ணிறப் பொடியாக மாறி இடுக்கை நிரப்பும். கட்ச் உப்பளங்களிலும் ஒடிசாக் கடற்கரையிலும் ஓடும் வண்டிகளுக்கு இத்தொல்லை மிகுதி. காரைக்குடியில் 1953-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோகங்களைக் கடற்காற்று அரிக்கும் விதத்தை மண்டபம் கடற்கரையில் ஆராய்ந்துள்ளது.

விடுவிக்கும் முறை

முதலாவதாக, வண்டியைச் சமமான கெட்டித் தரையில் நிறுத்திக் கைபிரேக்கைப் போடுக. மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அல்லது மரக்கட்டை வைத்து அணை கொடுக்க. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றே தளர்த்திவிட்டு, பின்னர் வண்டியைத் தூக்குக. ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. வண்டியின் சட்டத்திற்கு அடியில் தாங்கி ஒன்றை நிறுத்துக. அது இல்லையேல் ஸ்டெப்னியையாவது படுக்க வைக்க. ஜாக்கி சரிந்தாலும் வண்டி முழுதும் தரையில் விழாது. எக்காரணம் கொண்டும் உடலை வண்டிக்கு அடியில் நுழைத்தல் கூடாது.

இரண்டாவதாக, நட்டுகள் யாவற்றையும் கழற்றிவிடாமல், எதிரெதிரான இரண்டினைச் சில புரிகளேனும் பிடித்திருக்குமாறு விட்டு வைக்க. சக்கரம் திடீரென விடுபட்டால் காலில் விழாமல் அவை தடுக்கும்.

மூன்றாவதாக, துருவினுள் ஊடுருவும் எண்ணெயை நடுத்துளையின் விளிம்பில் சிறிதளவு விட்டுக் கால்மணி நேரம் காத்திருக்க. பிரேக் உறுப்புகளில் அது படலாகாது. பின்னர் டயரின் பக்கவாட்டில், வெளிவிளிம்பை ஒட்டி, குதிகாலாலோ மரச்சுத்தியலாலோ தட்டுக. ஒரு பக்கம் தட்டியபின் சக்கரத்தைக் கால்சுற்று திருப்பி மீண்டும் தட்டுக. திருப்ப இயலாத பின்சக்கரமாயின், இடமும் வலமுமாக மாறிமாறித் தட்டுக. இரும்புச் சுத்தியலால் உலோக வளையத்தையோ திருகாணிகளையோ அடித்தல் தகாது.

விளிம்பில் தட்டுவதற்குக் காரணம் உண்டு. டயரின் ஆரம் 30 சென்டிமீட்டர், குடத்து மேட்டின் ஆரம் 3 சென்டிமீட்டர் எனக் கொண்டால், நெம்புகோல் விதிப்படி விளிம்பில் தரும் விசை குடத்தருகே ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. துரு எளிதில் நொறுங்கும் பொருளாகையால், நேராக இழுக்கும்போது அசையாத சக்கரம், சாய்க்கும் அதிர்ச்சியில் விடுபடுகிறது.

இதற்கும் இணங்காவிடில், நட்டுகள் யாவற்றையும் பூட்டி, ஒவ்வொன்றையும் ஒரு சுற்று மட்டும் தளர்த்தி வைத்து, தாங்கியை அகற்றி வண்டியைத் தரையில் இறக்குக. வெளியில் நின்று வண்டியை இரு பக்கமும் ஆட்டினால், அதன் எடையே துருவை உடைக்கக் கூடும். மீண்டும் தூக்கியபின் திருகாணிகளின் புரிகள் பழுதுபட்டுள்ளனவா எனப் பார்த்தல் அவசியம்.

தீயினால் சூடாக்குதல் அறவே கூடாது. சூட்டினால் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிவது உண்மையே. எனினும் தீப்பட்ட டயர் வெடித்து அருகிலுள்ளோரைக் கொல்லவும் கூடும்; குடத்துள் இருக்கும் பேரிங்கின் கிரீஸும் கெடும்.

வருமுன் காத்தல்

சக்கரங்களை இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் குடத்து மேட்டினையும் நடுத்துளையையும் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துருவை நீக்குக. பின்னர் அம்மேட்டில் மட்டும் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவுக. திருகாணிப் புரிகளிலும் நட்டு அமரும் இடத்திலும் தடவலாகாது. வழுக்கும் புரியில், அதே முறுக்கு விசை திருகாணியை அளவுக்கு மேல் இழுத்துவிடும்.

நட்டுகளை எதிரெதிராக மாற்றி முறுக்குக. பெரும்பாலான கார்களுக்கு வேண்டிய முறுக்கு ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர்; அதாவது 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் சுமார் 40 கிலோ எடையின் அழுத்தம். அந்தந்த வண்டிக்குரிய சரியான அளவைக் கையேட்டில் காண்க. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் சோதித்தல் நலம்.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். மூன்று இரும்பாணிகளில் ஒன்றைத் தனியாகவும், ஒன்றில் செம்புக் கம்பியைச் சுற்றியும், ஒன்றில் துத்தநாகத் தகட்டைச் சுற்றியும் தனித்தனிக் கண்ணாடிக் குவளைகளில் உப்பு நீரில் இடுக. சில நாட்களில் செம்பு சுற்றிய ஆணி மிக விரைவில் துருவேறும்; துத்தநாகம் சுற்றிய ஆணியோ காக்கப்பட்டிருக்கும். சக்கரத்தில் அலுமினியம் அரிபடுவதைப்போல இங்குத் துத்தநாகம் அரிபடுவதையும் மாணவர் காண்பர்.

களப்பணியாளர்கள் மழைக்காலம் தொடங்குமுன் தம் வண்டியின் ஒவ்வொரு சக்கரத்தையும் ஒருமுறை கழற்றிப் பூட்டி, அந்நாளை வண்டிக் குறிப்பேட்டில் எழுதி வைப்பார்களாக. பகலில், பட்டறையில் கழலும் சக்கரமே இரவில், சாலையோரத்திலும் கழலும்.