யாழ்ப்பாணத்தில் ஒரு மலாய் மன்னன்

வருசநாட்டு மலைகளில் பிறக்கும் வைகை மதுரையைத் தொடும் இடத்தில் பாண்டியர் தலைநகர் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் அந்த அரசவைக்குக் கடலுக்கு அப்பாலிருந்து திறை வந்தது. செலுத்தியவன் ஈழத்தின் வடக்கை ஆண்ட சாவகன், அதாவது மலாய் உலகிலிருந்து வந்த அரசன்.

அவன் பெயர் சந்திரபானு. மலாய்த் தீபகற்பத்தில், இன்றைய தெற்குத் தாய்லாந்தில் இருந்த தாம்பிரலிங்க நாட்டு மன்னன், பௌத்தன். 1230ஆம் ஆண்டுச் சாயா கல்வெட்டு அவன் பெருமையைச் சொல்கிறது. 1247இல் இலங்கை மீது படையெடுத்தான். ஊதுகுழலால் நஞ்சு தோய்ந்த அம்புகளை எய்த வீரர்களை இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் மறக்காமல் பதிவு செய்திருக்கிறது. தம்பதெனிய மன்னன் இரண்டாம் பராக்கிரமபாகு அவனைத் தோற்கடித்தான்.

ஆனாலும் வடபகுதி சந்திரபானுவின் கையில் நின்றது. தமிழ் வீரர்களையும் சேர்த்துக்கொண்டு மறுபடி தெற்கே இறங்கினான். கேட்டது என்ன தெரியுமா? புத்தரின் புனிதப் பல்லும் பிச்சைப் பாத்திரமும்! அவற்றை வைத்திருப்பவனே இலங்கையின் அரசன் என்று மக்கள் நம்பிய காலம் அது.

இம்முறை குறுக்கே வந்தவன் சடையவர்மன் வீரபாண்டியன். சாவகனை வீழ்த்தி, திருகோணமலையில் பாண்டியரின் கயல் சின்னம் பொறித்ததைப் புதுக்கோட்டை அருகேயுள்ள குடுமியான்மலைக் கல்வெட்டு கூறுகிறது. அடங்கி வந்த சாவகன் மகனுக்கே அந்த நாட்டைத் திருப்பிக் கொடுத்ததையும் அதே கல்வெட்டு சொல்கிறது. நம் பாடப்புத்தகங்கள் ராஜேந்திர சோழன் மலாய் உலகின் கடாரத்தின் மீது படையெடுத்ததை மட்டுமே பேசுகின்றன. எதிர்த்திசையில் வந்த இந்தக் கப்பல்களுக்கும் அங்கே இடம் வேண்டும்.

சாவகருக்குப் பின் யாழ்ப்பாண அரியணை ஆரியச் சக்கரவர்த்திகள் என்னும் அரச மரபினரிடம் போனது. 1619இல் போர்த்துக்கீசியர் கைப்பற்றும்வரை அந்த அரசு நீடித்தது.