இல்லறமும் நூற்சுவையும்

வரன் பேசும்போது படிப்பு எது, சம்பளம் எவ்வளவு, பாட்டு வருமா என்றெல்லாம் வினவுகிறோம். விரும்பிப் படிக்கும் நூல் எது என்று கேட்பது அரிது. கேட்கத்தான் வேண்டுமா?

மும்பையிலும் தில்லியிலும் குடியேறிய நம் குடும்பங்களில் இவ்வினாவுக்குத் தனிப் பொருள் உண்டு. இங்கேயே வளர்ந்த மணமகன் தமிழ் பேசுவான், படிக்க அறியான். ஊரிலிருந்து வரும் மணமகளோ, 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னின் ஐந்து பாகங்களையும் பெட்டியில் கொண்டுவருவாள். "இன்னுமா கதைப் புத்தகம்?" என்ற ஒரு சொல் போதும், பெட்டியோடு அவள் மனமும் மூடிக்கொள்ளும்.

1948-இல் மறைந்த புதுமைப்பித்தன், பிழைப்பின் பொருட்டுப் பிரிந்திருந்த நாட்களில் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாயின. கமலா அம்மையாரும் சிறுகதை எழுதியவர். எழுத்தார்வம் ஒத்திருந்தும் வறுமை அகலவில்லை, பிரிவும் தவிரவில்லை. ஒத்த சுவை இல்லறத்துக்குக் காப்பு அன்று. ஆயினும், மனம் விட்டு எழுத ஒருவர் இருந்தது சிறிய பேறா?

ஆகவே, சுவை ஒன்றாயிருக்க வேண்டுவதில்லை. ஒருவர் துப்பறியும் கதையும் மற்றவர் திருவாசகமும் படிக்கலாம். "இன்று என்ன படித்தாய்?" என்று கேட்கும் அன்பே வேண்டுவது. இரவில் மனைவி இரண்டு பக்கம் உரக்கப் படிக்கட்டும்; கணவன் தான் படித்த ஆங்கில நூலின் கதையைத் தமிழில் சொல்லட்டும். அருகில் உறங்காமல் கிடக்கும் குழந்தையின் செவியிலும் நம் மொழி விழும்.